நாடா பிடிக்கும் கை
1968ஆம் ஆண்டின் விளையாட்டுக் களங்கள்: ஒரு பார்வை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டும் போட்டிக்கு உதவியாளனாக நான் நிறுத்தப்பட்டேன். ஓடவும் தாண்டவும் இயலாத என்னைப் போன்றோர்க்கு இத்தகைய பணிகளே வாய்க்கும். அளவுநாடாவைத் தாண்டுபலகை அருகில் ஆசிரியர் பிடித்திருப்பார். அதன் மறுமுனையை மணற்குழியில், தாண்டியவரின் தடத்தில் வைத்துப் பிடிப்பது என் வேலை. காலோ, கையோ, உடலின் எப்பகுதி பட்டிருந்தாலும், பலகைக்கு மிக அருகில் விழுந்த தடத்திலிருந்தே அளக்க வேண்டும் என்பது விதி.

கடைசியாகத் தாண்டியவன் என் வகுப்புத் தோழன். அவனுடைய குதிகால் தடத்துக்குப் பின்னால், இடக்கை மணலில் ஊன்றிய தடம் தெளிவாகத் தெரிந்தது. நான் நாடாவைக் குதிகால் தடத்தில் வைத்தேன். “வைத்தாயிற்றா?” என்று ஆசிரியர் பலகை அருகிலிருந்து கேட்டார். “வைத்துவிட்டேன் ஐயா” என்றேன். மூன்று சென்டிமீட்டர் வேறுபாட்டில் என் தோழன் முதற்பரிசு பெற்றான். பொருளியல் துறையில் முதலாண்டு படித்த மாணவர் ஒருவர் இரண்டாமவர் ஆனார். அடுத்த கணமே மணலை வாரிச் சமன் செய்துவிட்டார்கள். தடம் மறைந்தது.

அத்துடன் அது முடிந்தது என்றே எண்ணியிருந்தேன். இவ்வாண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில், உலக வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு கோணத்தில் பேச வேண்டும் என்றார்கள். 1968ஆம் ஆண்டைத் தேர்ந்தனர். அரசியலையும் பொருளாதாரத்தையும் பிறர் எடுத்துக்கொள்ள, செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கமுள்ள எனக்கு விளையாட்டு வந்து சேர்ந்தது. நூலகத்தில் அமர்ந்து படிக்கப் படிக்க, எனக்கு அந்த மணற்குழியே மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. ஏன் என்பதை இக்கட்டுரையின் போக்கில் உணர்வீர்கள்.

ஆண்டின் பின்னணி

1968ஆம் ஆண்டு என்றவுடன் தமிழர்க்கு நினைவில் வருவது, அவ்வாண்டு சனவரியில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. உலக வரலாற்றிலோ அது கொந்தளிப்பான ஆண்டு. ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதம் பாரிசு மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஆகஸ்டு 20ஆம் நாள் இரவு சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. அக்டோபர் 2ஆம் நாள் மெக்சிகோ நகரில், உரிமை கேட்டுக் கூடிய மாணவர்கள் மீது அந்நாட்டுப் படையினர் சுட்டனர், பலர் மாண்டனர். சரியாகப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 12ஆம் நாள், அதே நகரில் ஒலிம்பிக் விழா தொடங்கியது.

இலத்தீன் அமெரிக்காவில் நடைபெற்ற முதல் ஒலிம்பிக் அது. என்ரிக்கெட்டா பசிலியோ என்ற மெக்சிகோ தடையோட்ட வீராங்கனை விழாத் தீயை ஏற்றினார். ஒலிம்பிக் கொப்பரையில் தீ ஏற்றிய முதல் பெண் அவரே.

மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகையின் உயரத்தோடு ஒப்பிடலாம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. காற்றுத் தடை குறைவதால் குறுந்தூர ஓட்டக்காரர்களும் தாண்டுவோரும் பயன் பெற்றனர். மூச்சுக்குப் போதிய உயிர்வளி கிடைக்காமையால் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வருந்தினர். சாம்பல் தடத்துக்கு மாற்றாகச் செயற்கை ஓடுதளம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக அங்கேதான் விரிக்கப்பட்டது. 100 மீட்டரை ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடியில் ஓடினார். உலகச் சாதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன.

அளவு கருவியைத் தாண்டிய தாவல்

அக்டோபர் 18ஆம் நாள், ஆடவர் நீளம் தாண்டும் போட்டியின் இறுதிச் சுற்று. 22 வயது அமெரிக்க இளைஞர் பாப் பீமன் அதில் இடம் பெற்றதே அரும்பாடு. தகுதிச் சுற்றில் முதல் இரண்டு முறையும் பலகையைத் தாண்டி மிதித்துத் தவறிழைத்திருந்தார். மூன்றாவதும் தவறினால் வெளியேற வேண்டியதுதான். அப்போது, பலகைக்குச் சற்று முன்பிருந்தே எழும்பிவிடு என்று அவருக்கு அறிவுரை கூறியவர் ரால்ப் பாஸ்டன். பாஸ்டன் யார்? அதே போட்டியில் பீமனுக்கு எதிராகத் தாண்டுபவர், 8.35 மீட்டர் என்ற உலகச் சாதனைக்கு உரிமை பூண்ட இருவரில் ஒருவர்! போட்டியாளனுக்கு வழி சொல்லிக் கொடுத்து, அவனாலேயே தோற்றவர் அவர்.

இறுதிச் சுற்றில் பீமனின் முதல் தாவல். ஆறு விநாடி ஓட்டம். பலகையில் ஒரு மிதி. மணலில் விழுந்து துள்ளி வெளியே வந்துவிட்டார். தூரம் அளக்க அங்கே பொருத்தியிருந்த நவீன ஒளியியல் கருவி அந்தத் தடம் வரை எட்டவில்லை. இவ்வளவு தொலைவு ஒருவர் தாண்டக்கூடும் என்று அதனை அமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. நடுவர்கள் எஃகு நாடாவை வரவழைத்தனர். அளந்தனர், ஐயம் தீர மீண்டும் அளந்தனர். நெடுநேரம் கழித்து அறிவிப்பு வந்தது: 8.90 மீட்டர்.

மீட்டர் கணக்குப் பழகாத பீமனுக்கு அது விளங்கவில்லை. 29 அடிக்கு மேல் என்று பாஸ்டன் எடுத்துச் சொன்னதும், கால்கள் துவண்டு தரையில் சரிந்துவிட்டார். இதன் அருமையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 1935இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் தாண்டியது 8.13 மீட்டர். அது 8.35 ஆக உயர 30 ஆண்டுகள் ஆயின. உயர்ந்தது 22 சென்டிமீட்டர். பீமன் ஒரே தாவலில் கூட்டியது 55 சென்டிமீட்டர். அச்சாதனையை 1991இல் தோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டி முறியடித்தார். ஒலிம்பிக் சாதனையாக அது இன்றளவும் நிற்கிறது.

உயரமான இடம், பின்னிருந்து வீசிய காற்று என்று பலரும் காரணம் கூறுவர். காற்று விநாடிக்கு 2 மீட்டர். விதி அனுமதித்த எல்லை சரியாக அதுவே. ஆனால் அதே இடத்தில், அதே நாளில் இரண்டாம் இடம் பெற்றவர் தாண்டியது 8.19 மீட்டர்தான். என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது தாவல் மட்டுமன்று. கருவி எட்டாதபோதும் தோராயமாக ஓர் எண்ணைச் சொல்லிவிடாமல், நாடாவைக் கொண்டுவந்து இருமுறை அளந்த அந்த நடுவர்களின் பொறுமையும்தான்.

முதுகை முன்வைத்து வென்றவர்

அமெரிக்கப் பொறியியல் மாணவர் டிக் பாஸ்பரி, எல்லாரும் தாண்டும் முறையில் உயரம் தாண்ட முடியாமல் பள்ளிப் பருவத்தில் திணறியவர். எனவே குறுக்குச் சட்டத்துக்கு முதுகைக் காட்டி, தலை முதலில் செல்லும்படி தாண்டும் முறையொன்றைத் தாமே சிறுகச் சிறுகக் கண்டறிந்தார். மணலுக்கு மாற்றாக மெத்தை வந்துவிட்டதால் முதுகு பட விழுவதும் இயலக்கூடியதாயிற்று. பார்த்தவர்கள் நகைத்தனர். அக்டோபர் 20ஆம் நாள் 2.24 மீட்டர் தாண்டி அவர் ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். இன்று உலகெங்கும் உயரம் தாண்டுவோர் அம்முறையையே கையாளுகின்றனர். இயலாமையே புதுமைக்கு வாயிலாகலாம் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

மேடையில் நின்ற இரண்டாமவர்

அக்டோபர் 16ஆம் நாள் நடந்த 200 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் உலகச் சாதனையுடன் முதலிடம் பெற்றார். அவர் நாட்டினரான ஜான் கார்லோஸ் 20.10 விநாடியில் மூன்றாமிடம். இருவரும் கறுப்பினத்தவர், சான் ஓசே நகரக் கல்லூரி மாணவர்கள். பரிசு மேடையில் காலணியின்றி, தம் மக்களின் வறுமையைக் குறிக்கக் கறுப்புக் காலுறையுடன் நின்றனர். நாட்டுப்பண் ஒலித்தபோது தலை கவிழ்ந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினர். அந்தப் படம் உலகெங்கும் அச்சாயிற்று. இருவரும் அணியிலிருந்து விலக்கப்பட்டு நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அப்படத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நம் கண் அவர் மீது நிற்பதில்லை. இரண்டாமிடம் பெற்ற ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன், வெள்ளையர், ஓட்டம் 20.06 விநாடி. மேடைக்குச் செல்லுமுன் அமெரிக்கர் இருவரும் தாங்கள் செய்யவிருப்பதை அவரிடம் கூறினர். உங்களோடு நிற்பேன் என்றார் அவர். மனித உரிமை இயக்கத்தின் சின்னமொன்றைக் கேட்டு வாங்கித் தம் மார்பில் குத்திக்கொண்டார். கார்லோஸ் தம் கையுறைகளை மறந்து வந்தபோது, இருக்கும் ஓர் இணையை ஆளுக்கு ஒன்றாக அணியலாம் என்று சொன்னவரும் அவரே. படத்தில் ஸ்மித் வலக்கையையும் கார்லோஸ் இடக்கையையும் உயர்த்தியிருப்பதன் காரணம் இதுவே.

நார்மன் வாய் திறந்து எதுவும் பேசவில்லை, கை உயர்த்தவில்லை. வெறுமனே நின்றிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும் பக்கத்தில் நிகழ்வதைக் கண்டும் காணாதவராக இருக்க அவரால் இயலவில்லை. தாயகத்தில் அவர் பட்ட கண்டனங்கள் பல. 2006இல் அவர் மறைந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் கடல் கடந்து சென்று அவர் உடலைச் சுமந்தனர். 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவர் பெயரால் மன்னிப்புக் கோரியது. அவருடைய 20.06 விநாடி, 2024 திசம்பர் வரை 56 ஆண்டுகள் அந்நாட்டுச் சாதனையாக நின்றது.

சான் ஓசே பல்கலைக்கழகத்தில் 2005இல் எழுப்பிய சிலையில் ஸ்மித்தும் கார்லோசும் மட்டுமே உள்ளனர். இரண்டாமிடப் படி வெறுமையாக விடப்பட்டுள்ளது. நார்மனின் விருப்பமே அது. வருவோர் எவரும் அப்படியில் ஏறி நின்று பார்க்கலாம்.

ஓவல் மைதானத்தில் 158

ஒலிம்பிக்கை விட்டுக் கிரிக்கெட்டுக்கு வருவோம். பசில் டி ஒலிவெரா தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்தவர். வெள்ளையரல்லாதார் தாய்நாட்டுக்காக ஆட முடியாத நிறவெறிச் சட்டங்களின் கொடுமையால், 1960இல் இங்கிலாந்துக்குப் பிழைக்கச் சென்றார். 1966இல் இங்கிலாந்து அணியில் இடம் பெற்றார். 1968 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஓவல் டெஸ்டில், ஒருவர் விலகியதால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டார். 158 ஓட்டங்கள் குவித்தார். கடைசி நாள் மழையால் மைதானம் குளமாக, பார்வையாளர்களே இறங்கித் தண்ணீரை வடித்தனர். மீண்டும் தொடங்கிய ஆட்டத்தில் நிலைத்து நின்ற இணையைப் பிரித்து விக்கெட் எடுத்தவரும் டி ஒலிவெராவே. சில நிமிடங்களே எஞ்சியிருக்கையில் இங்கிலாந்து வென்றது.

அவ்வாட்டம் முடிந்தவுடன் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் அணியைத் தேர்வுக்குழு அறிவித்தது. டி ஒலிவெராவின் பெயர் இல்லை! ஆட்டத் திறனை வைத்தே தேர்ந்தோம் என்றனர். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. செப்டம்பர் நடுவில் ஓர் ஆட்டக்காரர் காயத்தால் விலக, டி ஒலிவெரா சேர்க்கப்பட்டார். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர், அந்த அணியை ஏற்க முடியாது என்றார். செப்டம்பர் 24ஆம் நாள் பயணம் கைவிடப்பட்டது. 1970க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகக் கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தது. 1991 நவம்பரில் அது மீண்டும் காலடி வைத்த மைதானம் நம் கல்கத்தா.

158 என்பது எவரும் மறுக்க முடியாத எண். எண்ணில் பிழையில்லை. நாடாவை எந்தத் தடத்தில் வைப்பது என்று முடிவு செய்தவர்களின் கையில்தான் பிழை. இவ்வரியை எழுதும்போது என் கை நடுங்கியது என்பதை மறைப்பானேன்?

முகம் திருப்பிய வீராங்கனை

செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா 1964 தோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 1968இல் தம் நாட்டில் உரிமை கோரி வெளிவந்த ‘இரண்டாயிரம் சொற்கள்’ என்ற அறிக்கையில் கையொப்பமிட்டிருந்தார். அயற்படைகள் நுழைந்ததும் மலைப்பகுதியில் ஒளிந்து வாழ நேர்ந்தது. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தன. மரக்கிளையில் தொங்கியும், உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கியும் பயிற்சி செய்தார்.

மெக்சிகோவில் அவர் பெற்றவை நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. தரைப் பயிற்சியில் சோவியத் வீராங்கனை லாரிசா பெட்ரிக்கின் தொடக்கச் சுற்று மதிப்பெண் பின்னர் உயர்த்தப்பட, தங்கம் இருவருக்கும் பங்கிடப்பட்டது. சோவியத் நாட்டுப்பண் ஒலித்தபோது சாஸ்லாவ்ஸ்கா முகத்தைத் திருப்பித் தலையைத் தாழ்த்திக்கொண்டார். நாடு திரும்பிய அவருக்குப் பல ஆண்டுகள் உரிய பணி மறுக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின்னரே நாட்டின் ஒலிம்பிக் குழுத் தலைவரானார்.

பிற களங்கள்

அவ்வாண்டின் பிற நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறுவேன். ஆகஸ்டு 31ஆம் நாள் வேல்சின் சுவான்சி நகரில் கார்பீல்டு சோபர்ஸ், மால்கம் நாஷ் வீசிய ஒரே ஓவரில் ஆறு சிக்சர் அடித்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் அதுவே முதன்முறை. 1985இல் நம் ரவி சாஸ்திரி அதனைச் சமன் செய்தார். செப்டம்பரில் ஆர்தர் ஆஷ் அமெரிக்க ஓபன் டென்னிசில் வாகை சூடினார். ஊதியம் பெறாத ஆட்டக்காரர் என்பதால் 14,000 டாலர் பரிசு தோற்றவருக்குச் சென்றது. வென்ற ஆஷுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் படி!

இந்தியாவுக்கு அவ்வாண்டு ஒரு கண்ணில் மகிழ்ச்சியும் மறுகண்ணில் கண்ணீரும் தந்தது. பட்டோடி தலைமையில் நியூசிலாந்தை 3-1 என்று வென்று, அயல்மண்ணில் முதல் டெஸ்டுத் தொடர் வெற்றி பெற்றோம். ஆனால் 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்திலும் இடம் பெற்றிருந்த நம் அணி, மெக்சிகோவில் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று வெண்கலத்துடன் திரும்பியது. ஓர் அணிக்கு இரு தலைவர்கள் என்ற விந்தையும் அப்போது நிகழ்ந்தது.

கடைசியாக வந்தவர்

அக்டோபர் 20ஆம் நாள் மாரத்தான் ஓட்டம். 75 பேர் தொடங்கினர். அந்த மெல்லிய காற்றில் ஓடி முடித்தவர் 57 பேர். எத்தியோப்பியாவின் மாமோ வால்டே 2 மணி 20 நிமிடம் 26 விநாடியில் வென்றார். பரிசுகள் வழங்கியாயிற்று, இருள் கவிந்தது, கூட்டம் கலைந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழிந்தபின், முழங்காலில் கட்டுப்போட்ட ஒருவர் நொண்டியவாறே அரங்கினுள் நுழைந்தார். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி. வழியில் விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. எஞ்சியிருந்த சில ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்ட, அவர் எல்லைக் கோட்டைக் கடந்தார். ஏன் விலகிக்கொள்ளவில்லை என்று கேட்டபோது, ஓட்டத்தைத் தொடங்குவதற்காக அன்று, முடிப்பதற்காகவே நாடு தம்மை அனுப்பியது என்றார்.

அவருடைய நேரம் 3 மணி 25 நிமிடம் 27 விநாடி. விநாடி வரை குறித்திருக்கிறார்கள்! கடைசியாக வருபவருக்காகவும் யாரோ ஒருவர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் காத்திருந்தார் என்பதே இதன் பொருள். அவர் பெயர் நமக்குத் தெரியாது. நாடா பிடிப்பவரின் பெயரை யார் கேட்கிறார்கள்?

முடிவுரை

விளையாட்டு உடலை வளர்க்கும், ஒற்றுமையைப் பேணும் என்று பள்ளிக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம். 1968ஆம் ஆண்டு எனக்குக் கற்பித்தது வேறு. களத்தில் ஓடுபவர் மட்டும் சோதிக்கப்படுவதில்லை. அளப்பவர், தேர்ந்தெடுப்பவர், பக்கத்தில் நிற்பவர் எல்லாரும் அங்கே சோதிக்கப்படுகின்றனர்.

கருத்தரங்கு முடிந்த மறுநாள், அந்தப் பொருளியல் மாணவரை நூலகப் படியில் சந்தித்து நடந்ததைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

“தெரியும் அண்ணே. கைத்தடத்தை நானும் பார்த்தேன்.”

“அப்போதே ஏன் சொல்லவில்லை?”

“நான் சொன்னா பரிசுக்காகச் சண்டை போடுறான்னுதானே நினைப்பாங்க? நாடா உங்க கையிலேதானே அண்ணே இருந்தது!”

அன்று மாலையே உடற்கல்வி இயக்குநரிடம் சென்று ஒப்புக்கொண்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மணலை வாரிய பிறகு அளக்க முடியாது, முடிவை மாற்ற இயலாது என்று மட்டும் கூறினார். என் தோழன் இன்றும் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. அவனையும் கேளாமல் இதனை எழுதுவது முறையன்று என்பதால், எழுதுமுன் அவனிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இவ்வாண்டு விளையாட்டு விழாவில் நீளம் தாண்டும் போட்டிக்கு உதவியாளர் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று எண்ணினேன். இருந்தது. நாடாவின் முனையை எடுத்துக்கொண்டு மணற்குழியில் இறங்கினேன். முதல் மாணவர் தாண்டினார். “வைத்தாயிற்றா?” என்று குரல் வந்தது. தடத்தை இன்னொரு முறை நன்றாகப் பார்த்துவிட்டே விடை சொன்னேன்.